ரெண்டு குறைச்சல்

வீரபாண்டிக்கு எதையும் விளிம்புவரை நிரப்பினால் பிடிக்காது. டீ கிளாஸில் ஒரு விரல் காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஊருக்குப் போகும்போது விமானத்தில் முப்பது கிலோ கொண்டுபோகலாம் என்றால், அவர் பெட்டி இருபத்தெட்டு கிலோவோடு நின்றுவிடும். போடியில் இருக்கும் அவர் மனைவி கனகா ஒவ்வொரு லீவிலும் இதற்காக ஒரு சண்டை பாக்கி வைத்திருப்பாள்.

"அந்த ரெண்டு கிலோவுக்குப் பாதாம் வாங்கியாந்திருந்தா என் தங்கச்சிக்கும் கொடுத்திருப்பேன்ல?"

"எதுலயும் ரெண்டு குறைச்சலா இருக்கணும்டி. அப்பத்தான் மூச்சு விடும்."

பெட்டி எதற்காக மூச்சு விட வேண்டும் என்று கனகா திருப்பிக் கேட்டாள். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இந்த ரெண்டு குறைச்சல் அவருக்குத் துப்பாக்கியிலிருந்து ஒட்டிக்கொண்டது. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். வந்த கையோடு வளைகுடாவுக்குப் பறந்து, ஏழு வருஷமாகக் கப்பல்களில் காவல் டூட்டி பார்க்கிறார். கொள்ளையர் பயமுள்ள கடலைச் சரக்குக் கப்பல் தாண்டும்போது இவர்களைப் போல மூன்று பேர் துப்பாக்கியோடு ஏறுவார்கள், தாண்டியதும் இறங்கிக்கொள்வார்கள். அந்தத் துப்பாக்கிகளைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. அதற்காகவே ஃபுஜைராவுக்கு வெளியே கடலில் ஒரு பழைய கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. ஆயுதக் கப்பல் என்பார்கள். எல்லாவற்றையும் அதில் எண்ணி ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடுதான் படகு ஏற வேண்டும்.

துப்பாக்கியில் மாட்டும் மேகசினில் முப்பது ரவுண்டு பிடிக்கும். அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் வரிசையாகக் குண்டுகள். ராணுவத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சி கொடுத்த மீசைக்கார உஸ்தாத் ஒருவர், முப்பது போட்டால் ஸ்பிரிங் செத்துவிடும், மேகசினும் துப்பாக்கியில் சரியாகப் பூட்டாது, இருபத்தெட்டு போதும் என்று சொன்னார். வீரபாண்டி அன்றைக்குத் தலையாட்டியவர்தான். உஸ்தாத் ஓய்வு பெற்று, அந்தத் துப்பாக்கிகளும் ஓய்வு பெற்று, அந்த மீசையும் நரைத்து முடிந்திருக்கும். வீரபாண்டி இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

டீம் லீடர் அவர் என்பதால் டீமுக்கே இருபத்தெட்டுதான். மூன்று பேர், ஆளுக்கு நான்கு மேகசின். ஒவ்வொன்றிலும் மிஞ்சும் இரண்டிரண்டு ரவுண்டும் ஒரு காலி பால் பவுடர் டப்பாவுக்குள் போகும். ஆக மொத்தம் டப்பாவில் இருபத்து நான்கு. கப்பலில் எதைத் தொலைத்தாலும் அந்த டப்பாவை அவர் தொலைக்க மாட்டார்.

இதையெல்லாம் ஒருவன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இஸ்ரவேல். குளச்சல் பக்கத்துக்காரன், கடற்படையில் இருந்து வந்தவன், முப்பத்தாறு வயது. சாப்பாட்டுத் தட்டை மலையாகக் குவிப்பான், செல்போனில் இடமே இல்லாமல் மகன் படங்களை அடைத்து வைத்திருப்பான், பேச்சையும் அப்படித்தான் நிரப்புவான்.

"அண்ணே, முப்பது போட எடம் வச்சு செஞ்சவன் கிறுக்கனா? ரெண்டு எடம் வேண்டாம்னா அவனே இருபத்தெட்டுக்கு அடிச்சிருப்பாம்லா?"

"ஸ்பிரிங்குன்னு ஒன்னு இருக்குப்பா. அதை நாள் பூரா அமுக்கி வச்சா என்னாகும்?"

"எனக்க வீட்டு கட்டில்ல எங்க மாமியா இருபது வருசமா இருக்கா. ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு."

மூன்றாவது ஆளான இர்ஷாத், கீழக்கரைக்காரன், இந்த இடத்தில் எப்போதும் எழுந்து வெளியே போய்விடுவான். சிரித்தால் லீடருக்குக் கோபம் வரும், சிரிக்காமல் இருக்க அவனால் முடியாது.

இது வீரபாண்டியின் கடைசிப் பயணம். மகள் அகிலாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. இனி போதும் என்று ராஜினாமா கொடுத்துவிட்டார். கம்பெனி சரி என்று சொல்லி, கையோடு ஒரு தாளையும் அனுப்பியது. அடுத்த லீடராக இஸ்ரவேலைப் போடலாமா என்று அவர்தான் எழுதித் தர வேண்டும். தாளில் மூன்று கேள்விகள். வேலை தெரியுமா? உடம்பு நன்றாக இருக்கிறதா? கட்டளைக்குக் கீழ்ப்படிகிறாரா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அடியில் குறிப்பு எழுத நாலு வரி இடம்.

இஸ்ரவேலுக்கு அந்தப் பதவி வெறும் பதவியில்லை. அவன் மனைவி ரினி பஹ்ரைனில், மனாமாவில் நர்ஸ். அங்கே குதைபியா பகுதியில் ஒற்றை அறை ஃபிளாட்டில் நாலு வயது மகன் அனீஷோடு இருக்கிறாள். ஃபுஜைராவிலிருந்து துபாய்க்கு வந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சாதாரணக் காவலனை ஒரு கப்பலிலிருந்து இறக்கி மறுநாளே அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். லீடருக்கு மட்டும்தான் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு. எட்டு மாதமாக அவன் மகனைப் போனில்தான் பார்க்கிறான். அந்தப் பையனோ ஸ்கூல் இங்கிலீஷில், "டாடி, விச் ஷிப்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் விளையாடப் போய்விடுவான். அப்போது மட்டும் இஸ்ரவேலுக்குப் பேச்சு நிரம்பாது.

கடைசிப் பயணத்துக்கு வீரபாண்டிக்கு வாய்த்தது ஆட்டுக் கப்பல். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வளைகுடாவுக்கு ஆடு ஏற்றிவரும் கிழட்டுக் கப்பல். மாடி மாடியாக ஆடுகள். ஒன்பது நாள் பயணத்தில் முதல் நாளே மூன்று பேர் உடம்பும் ஆட்டு வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாள் மேகசின் போட உட்கார்ந்தபோது வழக்கமான வாக்குவாதம். முடிவில் இஸ்ரவேல் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"சரி, விடுங்கோ. எனக்க மேகசின்ல எத்தனை இருக்குன்னு எனக்கும் கர்த்தருக்கும் தெரியும்."

வீரபாண்டியின் நெஞ்சில் அது முள்ளாகத் தங்கிவிட்டது. பயல் முப்பது போட்டுவிட்டான். டப்பாவை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எண்ண அவருக்கு மனம் வரவில்லை. எண்ணிக் குறைந்தால் சண்டை போட வேண்டும், குறையாவிட்டால் சந்தேகப்பட்டதற்குத் தன்மேலேயே கோபம் வரும். டீமில் ஒருவன் மேகசினை இன்னொருவன் சோதிப்பது மரியாதையுமில்லை. ஆகவே சோதிக்காமலே முடிவு செய்துகொண்டார்.

மூன்றாம் நாள் மதியம், டீ வந்த நேரம், தூரத்தில் இரண்டு சின்னப் படகுகள் தெரிந்தன. படகுக்கு ஐந்தாறு பேர். நேராக இவர்களை நோக்கி வேகமாக வந்தார்கள். கேப்டன் மணியடித்தார். இஸ்ரவேல் இடது பக்கம் ஓடினான், இர்ஷாத் பின்பக்கம். வீரபாண்டி வலது பக்கம் போகும் வழியில் டப்பா இருந்த மேஜையைத் தாண்ட வேண்டியிருந்தது.

தாண்டவில்லை. நின்றார். ராணுவத்தில் பார்க்காத பயமில்லை, ஆனால் அங்கே பின்னால் ஒரு பட்டாளமே இருந்தது. இங்கே பின்னால் ஆடுகள்தான் இருந்தன. மூடியைத் திறந்தார். இரண்டு ரவுண்டை எடுத்தார். முதல் மேகசினைக் கழற்றி, கட்டை விரல் வலிக்க வலிக்க ஒன்று, இரண்டு என்று அழுத்தி உள்ளே தள்ளினார். இருபத்து நான்கு வருஷத்தில் முதல் முறையாக அவர் மேகசினில் முப்பது இருந்தது.

திருப்பி மாட்டியபோது அது பூட்டவில்லை. உஸ்தாத் சொன்னது ஒரு கணம் சரியாகிப்போனது. அடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பூட்டிக்கொண்டது.

வலது பக்கம் போய்த் துப்பாக்கியை எல்லோர் கண்ணுக்கும் படும்படி உயர்த்திப் பிடித்தார். படகுகள் வேகம் குறைந்தன. முன்படகில் இருந்தவன் குனிந்து எதையோ எடுத்து அவனும் உயர்த்திப் பிடித்தான். பெரிய சூரை மீன். வாலைப் பிடித்து ஆட்டிக் காட்டி, இன்னொரு கையால் சிகரெட் பிடிப்பதுபோல் சைகை செய்தான். மீன் தருகிறேன், சிகரெட் கொடு. கேப்டனுக்கு அப்படியொரு கோபம். ஆடுகள் அத்தனையும் சேர்ந்து கத்தின.

அத்தோடு அந்த இரண்டு ரவுண்டையும் திரும்ப டப்பாவில் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அசதி. மறுநாள் எடுத்துவிடலாம் என்று படுத்தார். விசேஷம் என்னவென்றால், அன்றிலிருந்து அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. முப்பது இருக்கிறது என்ற நினைப்பு தலையணைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தது போல் சுகமாக இருந்தது. நாளைக்கு எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று ஆறு நாள் ஓடியது.

எட்டாம் நாள் சாயங்காலம் கம்பெனியின் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தார். வேலை தெரியுமா? ஆம். உடம்பு? ஆம், கொஞ்சம் கூடுதலாகவே. கட்டளைக்குக் கீழ்ப்படிகிறாரா? பேனா நின்றது. தன் மேகசின் நினைவு வராமல் இல்லை. ஆனால் அது அவசரத்துக்குச் செய்தது, இவன் செய்தது திமிருக்குச் செய்தது என்று மனசுக்குள்ளேயே தீர்ப்பெழுதிக்கொண்டார். அந்தக் கோர்ட்டில் நீதிபதியும் அவர்தான், வக்கீலும் அவர்தான். 'இல்லை' கட்டத்தில் ஒரு டிக் போட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் ஃபுஜைரா மலைகள் தெரிந்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. ஆயுதக் கப்பலில் மேகசின்களைக் காலி செய்து எண்ணுவார்கள். அதற்குள் அந்த இரண்டையும் வெளியே எடுத்தாக வேண்டும். அறைக்குப் போய் மேகசினை மடியில் வைத்தார். இர்ஷாத் கதவைத் திறந்து நகவெட்டி கேட்டான். துண்டுக்குள் சுற்றிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனார். துண்டைத் துவைக்கத் தருகிறீர்களா என்று பின்னாலேயே கப்பல் சிப்பந்தி ஒருவன் வந்தான். திரும்ப அறைக்கு வந்து கட்டை விரலை வைத்ததுதான் தாமதம், கேப்டனே வந்துவிட்டார். "யல்லா, யல்லா! சீக்கிரம், படகு வந்தாச்சு" என்று நின்று, மேகசின்களையும் டப்பாவையும் பெட்டியில் போடச் சொல்லி, தன் கண் முன்னால் சீல் வைக்கவும் செய்தார். தன் கையாலேயே தன் குட்டுக்குச் சீல் வைத்த முதல் ஹவில்தார் இவராகத்தான் இருப்பார்.

இருந்தும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆயுதக் கப்பலில் அவரவர் மேகசினை அவரவர்தான் காலி செய்வது வழக்கம். இரண்டைச் சத்தமில்லாமல் டப்பா பக்கம் தள்ளிவிட்டால் முடிந்தது.

படகில் போகும்போது இஸ்ரவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினான்.

"அண்ணே, அந்தப் பேப்பரு எழுதியாச்சா?"

"ம்."

"என்ன எழுதினியன்னு கேக்கல்ல. அனீசுக்கு வெள்ளிக்கிழமை பொறந்தநாளு. ரினி கேக்கு சொல்லட்டா வேண்டாமான்னு கேக்கா. வருவேன்னு சொல்லி வராமப் போனா பிள்ளை அழுவான். அதான்."

வீரபாண்டி சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சட்டைப்பை கனத்தது.

ஆயுதக் கப்பலில் பழைய பொறுப்பாளர் இல்லை. அவர் இடத்தில் அகமது கபீர் என்று ஒருவர் வந்திருந்தார். கல்முனைக்காரர், ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. நீளமான இரும்பு மேஜையில் மூன்று தட்டுகளை வைத்து, நடுவில் பால் பவுடர் டப்பாவை நிறுத்தினார்.

"இஞ்ச என்ட வழக்கம் வேற. ஆராவது தன்ட மேகசின தானே எண்ணக் கூடாது. லீடர்ட மேகசின் இஸ்ரவேல் எண்ணட்டும். இஸ்ரவேல்ட லீடர் எண்ணட்டும். இர்ஷாத்ட நான் எண்ணுறன்."

வீரபாண்டி அவசரமாகக் குறுக்கிட்டார்.

"பழைய முறையே நல்லா இருந்துச்சே பாய்" என்றார்.

"பழைய ஆளும் நல்லாத்தான் இரிந்தார். அதுதான் அவர வேற கப்பலுக்கு அனுப்பிட்டாங்க."

வேறு வழியில்லை. இஸ்ரவேலின் முதல் மேகசினை எடுத்துக் கட்டை விரலால் தள்ளித் தள்ளித் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். டீமில் வரிசைக்கு ஏழாக அடுக்குவார்கள். நாலு வரிசை என்றால் இருபத்தெட்டு. உள்ளுக்குள் ஒரே ஒரு ஆறுதல், இவன் மேகசினிலும் முப்பது வரும். இருவர் குட்டும் ஒன்றாக உடைந்தால் யாருக்கும் பெரிய அவமானமில்லை.

நாலு வரிசை முடிந்தது. மேகசினைத் திருப்பிப் பார்த்தார். காலி.

சரி, ஒன்றில் மட்டும் விட்டிருப்பான் என்று இரண்டாவதை எடுத்தார். இருபத்தெட்டு. மூன்றாவதும் இருபத்தெட்டு. நாலாவதை இரண்டு தடவை எண்ணினார். அதுவும் இருபத்தெட்டு. ஏழு மாதமாக வாய் ஓயாமல் முப்பது முப்பது என்று மல்லுக்கு நின்ற பயல், சொன்னபடி அச்சுப் பிசகாமல் இருபத்தெட்டு போட்டு வைத்திருந்தான்.

மெல்லத் தலையைத் திருப்பினார். இஸ்ரவேல் அவருடைய முதல் மேகசினிலேயே நின்றுபோயிருந்தான். அவன் முன்னால் ஏழேழாக நாலு வரிசை. அவன் கையில் இன்னும் இரண்டு ரவுண்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து வீரபாண்டியைப் பார்த்தான். ஒரு நொடிதான். வீரபாண்டி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது கத்துவான், இர்ஷாத்தைக் கூப்பிட்டுக் காட்டுவான், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவர் அவன் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

"கபீர் பாய்!" என்று இஸ்ரவேல் சத்தமாகக் கூப்பிட்டான். "ஒங்க கப்பல்ல மனுசனுக்கு ஒரு டீ கெடைக்குமா? ஒம்பது நாளா ஆட்டு வாசத்துலயே குடிச்சாச்சு!"

கபீர் திரும்பி சமையல்காரனுக்குக் குரல் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்குள் டப்பாவில் டிங், டிங் என்று இரண்டு சின்ன ஓசை கேட்டது.

"எத்தனை?" என்று கபீர் எழுதுகோலை எடுத்தார்.

"இருபத்தெட்டு" என்றான் இஸ்ரவேல். அடுத்த மூன்றையும் எண்ணினான். "எல்லாம் இருபத்தெட்டு. எங்க அண்ணன் டீமுல்லா?"

டப்பாவில் இருபத்து நான்கு. மொத்தம் முந்நூற்று அறுபது. கணக்குச் சுத்தம். கபீர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "லீடர், உங்கட பேப்பர் ஏதோ கம்பெனிக்கு அனுப்பக் கிடக்காமே, தாங்க" என்று கையை நீட்டினார்.

வீரபாண்டி சட்டைப்பைப் பொத்தானைத் தொட்டார். இத்தோடு விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. படகு காத்திருக்கிறது, துபாய் அல் குசைஸ் ரூமில் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது, நாளை மதியம் மதுரை விமானம். ஆனால் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. எதிரில் நின்றவன் தன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான், தன் பைக்குள் அவன் பிழைப்பைக் கெடுக்கும் தாள் இருக்கிறது. இதற்குமேல் அந்தத் தாளை மடித்து வைத்திருக்க அவரால் முடியவில்லை.

"பாய், அந்தக் கணக்குல ஒரு திருத்தம்."

"எங்க திருத்தம்? சரியாத்தானே கிடக்கு."

"மொத்தம் சரிதான். என் முதல் மேகசின்ல முப்பது இருந்துச்சு. இவன் ரெண்டை டப்பாவுல போட்டுட்டான்."

கபீர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இஸ்ரவேல் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டான். "நான் ஒண்ணும் பாக்கல்லியே. அண்ணனுக்குக் கடல் காத்து ஒத்துக்கல்ல."

"சும்மா இருப்பா. அந்த மீன்காரப் பயலுக வந்தன்னைக்கு நான்தான் போட்டேன். பயத்துல போட்டேன். அப்புறம் எடுக்கல."

இர்ஷாத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவனால் நிற்க முடியவில்லை. ஏழு மாதமாக அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க லீடர், மன்னிச்சிருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வீரபாண்டி கோபப்பட முயன்று பார்த்தார், வரவில்லை.

கபீர் மட்டும் தொழில் பேசினார். "முப்பது போட்ட நேரம் மேகசின் ஒழுங்காப் பூட்டிச்சா?"

"முதல்ல பூட்டல. ஒரு தட்டுத் தட்டுனேன், பூட்டுச்சு."

"அதுதான் விசயம். ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறதால சாகாது. போட்டுப் போட்டுக் கழட்டினாத்தான் களைக்கும். ஆனா நிறைச்சுப் போட்டா சில மேகசின் இறுகும், பூட்டாம விழுந்திரும். நிறைச்சுப் போட்டாலும் குறைச்சுப் போட்டாலும், மாட்டின உடனே கீழ இழுத்துப் பாக்கணும். வரல்லண்டா சரி."

"அப்ப முப்பதா, இருபத்தெட்டா?" என்றான் இர்ஷாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க மூணு பேரும் ஒரே மாதிரிப் போட்டா ரெண்டும் சரிதான்."

இத்தனை மாதச் சண்டைக்கு இவ்வளவு சின்ன முடிவா என்று வீரபாண்டிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இஸ்ரவேல் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, முப்பதுதான் சரின்னு அத்தனை பேச்சுப் பேசுன. பின்ன ஏன் இருபத்தெட்டு போட்ட?"

இஸ்ரவேலுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "பின்ன? லீடரு நீங்கல்லா? வாயி எனக்குள்ளது அண்ணே, அது பேசும். மேகசின் டீமுக்குள்ளது. அதுல சொன்னதத்தான் போடணும்."

"எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்னியே?"

"ஆமா. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இருபத்தெட்டுன்னு. ஒங்களுக்குந்தான் தெரியாமப் போச்சு."

வீரபாண்டி தாளை வெளியே எடுத்துப் பிரித்தார். கபீரிடம் எழுதுகோலை வாங்கினார். மூன்றாவது கேள்வியில் போட்டிருந்த டிக்கை அடித்து, 'ஆம்' கட்டத்தில் புதிதாக ஒன்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அடியில் நாலு வரி இடத்தில், ராணுவம் கற்றுக்கொடுத்த இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக எழுதினார். தமிழில் சொன்னால் அது இதுதான்: 'எதிர்த்துப் பேசுவார். ஆனால் சொன்னபடி செய்வார். சொன்னவன்தான் செய்யவில்லை.'

இஸ்ரவேல் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டான். குறிப்பைப் பார்க்குமுன் அவன் கண்ணில் பட்டது அடிக்கப்பட்ட பழைய டிக். முகம் சட்டென்று சுருங்கியது. கேக் சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டவனுக்கு, அந்தப் பதில் அதற்கு முன்பே எழுதி மடிக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துவிட்டது.

வீரபாண்டி மறைக்கவில்லை. "நேத்து எழுதுனதுப்பா அது. தப்பா எழுதிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

இஸ்ரவேல் கீழே எழுதியிருந்த குறிப்பைப் படித்தான். படகுக்காரன் கீழேயிருந்து ஹாரன் அடித்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "சரி, விடுங்கோ. முப்பது போட்ட ஆளு எழுதுனதுல்லா அது. இப்ப ரெண்டு எறங்கியாச்சு, ஒழுங்கா எழுதிட்டிய."

வீரபாண்டி தாளைக் கபீரிடம் கொடுத்தார். இஸ்ரவேல் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேகசினைத் தட்டியதைவிட அது பலமாக விழுந்தது.

மறுநாள் காலை அல் குசைஸ் ரூமில் பெட்டிக்கு எடை பார்க்கும்போது இஸ்ரவேலும் வந்துவிட்டான். கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது. லீடர் வேலை உறுதி, இரண்டு வாரம் லீவு, வெள்ளிக்கிழமை விடியற்காலை பஹ்ரைன் விமானம். ரினி கேக் சொல்லிவிட்டாளாம். அனீஷ் இந்தத் தடவை, "டாடி, விச் பிளேன்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை போனை விட்டு நகரவில்லையாம். அதை இஸ்ரவேல் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் வீரபாண்டி புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

கையில் தொங்கும் தராசில் பெட்டி இருபத்தெட்டு கிலோ காட்டியது. இஸ்ரவேல் பையிலிருந்து பாதாம் ஒரு கிலோ, பிஸ்தா ஒரு கிலோ எடுத்து நீட்டினான்.

"அகிலா கல்யாணத்துக்கு. எடம் இருக்குல்லா?"

வீரபாண்டி பெட்டியைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த இரண்டு கிலோ எதற்காகக் காலியாகக் கிடந்தது என்று அவருக்கே அப்போதுதான் ஒரு பதில் கிடைத்தது. உள்ளே வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, இருவருமாகச் சேர்ந்து ஜிப்பை இழுத்தார்கள். பூட்டியதும் இஸ்ரவேல் ஜிப்பை ஒரு முறை இழுத்துப் பார்த்தான்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கனகா போன் செய்தாள்.

"கிளம்பியாச்சா? பெட்டி எத்தனை கிலோ, இருபத்தெட்டா?"

"முப்பது."

கனகா மறுபடி கேட்டாள், மறுபடியும் முப்பதுதான்.

"என்னங்க" என்றாள் கனகா, குரல் இறங்கிப்போய். "உடம்புக்கு என்ன பண்ணுது?"